உம்மம்மாவின் சூறாவளியும் எங்கள் மழைக்காலமும்

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லோரும் இரண்டு பக்கம் பார்ப்பார்கள். கிழக்கே கடல், மேற்கே வயல். கல்முனைக்குத் தெற்கே கரையோரமாக நீண்டு கிடக்கும் ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. காற்று கடலிலிருந்து வரும், வெள்ளம் வயலிலிருந்து வரும். எங்கள் வீட்டில் மட்டும் மூன்றாவதாக ஒரு பக்கமும் பார்க்க வேண்டும். அது உம்மம்மாவின் அறை.

உம்மம்மாவுக்கு இப்போது வயது 73. ஐந்து வருடங்களாக அவருக்கு மறதிநோய். வைத்தியர்கள் டிமென்ஷியா என்பார்கள். ஊரில் அதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு, "அறளை பெயர்ந்துட்டு". அந்தச் சொல்லில் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கிறது. வயது போனால் எல்லோருக்கும் இப்படித்தான் என்ற சமாதானமும் இருக்கிறது. இரண்டும் பிழை. திறப்பை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயதின் மறதி. திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று கேட்பது நோய். மூளையின் கலங்கள் பாதிக்கப்பட்டு வருகின்ற நோய் இது. இதற்குக் காரணங்கள் பல உண்டு, அவற்றில் அதிகமாகக் காணப்படுவது அல்சைமர் நோய்.

இந்த நோயின் வழி விசித்திரமானது. புதிய நினைவுகள் முதலில் போகின்றன, பழையவை கடைசி வரை நிற்கின்றன. காலையில் சாப்பிட்ட இடியப்பம் உம்மம்மாவுக்கு நினைவில்லை. ஆனால் 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு நினைவிருக்கிறது. கிழக்கை அடித்துப்போட்ட அந்தச் சூறாவளியில் தொள்ளாயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள் என்று பொது அறிவுப் புத்தகங்களில் நாம் படித்திருக்கிறோம். உம்மம்மாவுக்கு அப்போது 26 வயது, கையில் ஒரு வயதுப் பிள்ளை. கூரை போன பிறகு இருட்டுக்குள் பள்ளிவாசலை நோக்கி ஓடும்போது, பிள்ளையை யாருடைய கையிலோ கொடுத்திருக்கிறார். யார் என்று தெரியவில்லை. விடிந்த பிறகுதான் பிள்ளையை மீண்டும் கண்டார். அந்தப் பிள்ளை என் பெரிய மாமா. இப்போது கட்டாரில் இருக்கிறார், அவருக்கே பேரப்பிள்ளை பிறந்துவிட்டது. ஆனால் காற்று பலமாக வீசத் தொடங்கினால் உம்மம்மாவுக்கு அந்த இரவு திரும்பி வந்துவிடும். எழுந்து தேடத் தொடங்குவார். "என்ட புள்ள எங்க?"

இப்படி ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு மழைக்காலத்தை எதிர்கொள்வது எப்படி என்பதை எழுதுமாறு எங்கள் தமிழ் ஆசிரியை கேட்டபோது முதலில் தயங்கினேன். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பெரிய பிழைக்குப் பிறகு தெரிந்ததுதான், அந்தப் பிழையில் என் பங்கும் இருக்கிறது.

2024 நவம்பர் 26. க.பொ.த. உயர்தரப் பரீட்சை அதற்கு முதல் நாள்தான் தொடங்கியிருந்தது. ராத்தா பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். மழை நிற்கவே இல்லை. அன்று மாலை மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்கள் ஏறிச்சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அகப்பட்ட செய்தி வந்தது. ஊரே உறைந்துபோனது. வாப்பா வெளியே போய்விட்டார். உம்மா தொலைபேசியோடு நின்றார். ராத்தா மறுநாள் பரீட்சை நடக்குமா என்று தெரியாமலே படித்துக்கொண்டிருந்தார். உம்மம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. வளவில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கப் பின்கதவைத் திறந்தவள், திரும்ப வந்தபோது கொண்டியைப் போடவில்லை.

அந்த நேரம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தல் சொன்னார்கள். தாழ்ந்த இடங்களில் உள்ளவர்கள் வெளியேறுங்கள் என்பது செய்தி. ஆனால் உம்மம்மாவின் வயதினருக்கு, தொழுகை நேரம் இல்லாத நேரத்தில் ஒலிபெருக்கி பேசினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "ஆரு மவுத்து?" என்று அறையிலிருந்து கேட்டார். ஒருவரும் இல்லை உம்மம்மா, படுங்கள் என்று சொல்லிவிட்டு நான் மீண்டும் கைத்தொலைபேசியைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அறை வெறுமையாக இருந்தது.

இரண்டரை மணித்தியாலம் தேடினோம். எல்லோரும் மேற்கே, வெள்ளம் வரும் பக்கம் தேடினார்கள். அவர் கிழக்கே போயிருந்தார். சுனாமிக்குப் பிறகு யாரும் வீடு கட்டாத கடற்கரை ஓரத்தில், 1978இல் அவருடைய வீடு இருந்த இடத்தில், நனைந்தபடி நின்றிருக்கிறார். வள்ளங்களை மேலே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த பொடியன்மார் கண்டிருக்கிறார்கள். ஆர் வீடு என்று கேட்டதற்குத் தன் வாப்பாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார். மரணித்து நாற்பது வருடங்களான மனிதர் அவர். அந்தப் பொடியன்மாருக்குத் தெரியவில்லை. நல்லவேளை, அங்கே நின்ற வயதான மீனவர் ஒருவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது.

இதில் என்னை இன்னும் உறுத்துவது கொண்டி மட்டுமல்ல. எங்கள் ஒழுங்கையில் உம்மம்மா நடந்துபோனதை மூன்று பேர் கண்டிருக்கிறார்கள். ஒருவர் ஸலாமும் சொல்லியிருக்கிறார். உம்மம்மா அழகாகப் பதில் சொல்லியிருக்கிறார். மகன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாராம். அவர்கள் ஏன் தடுக்கவில்லை? ஏனென்றால் அவருக்கு நோய் என்று அவர்களுக்குத் தெரியாது. நாங்கள்தான் சொல்லவில்லையே. ராத்தாவுக்கு அந்த வருடம் கலியாணப் பேச்சு வந்துகொண்டிருந்தது. குடும்பத்தில் மூளை வருத்தம் இருக்கிறது என்ற கதை வெளியே போகக் கூடாது என்று பெரியவர்கள் முடிவெடுத்திருந்தார்கள். வீட்டுக்கு யாரும் வந்தால் உம்மம்மாவுக்குக் காய்ச்சல், படுத்திருக்கிறார் என்போம். எங்கள் வெட்கம் அவருக்கு ஒரு வேலியாக இருக்கும் என்று நினைத்தோம். அந்த இரவு அவருக்கும் உதவக்கூடிய அயலவர்களுக்கும் இடையில்தான் அந்த வேலி நின்றது.

ஆகவே ஆயத்தம் என்றால் எங்கள் வீட்டில் முதலில் செய்தது பையைக் கட்டுவது அல்ல. உம்மா ஒழுங்கையில் பதினொரு வீட்டுக்குப் போனார். உம்மாவுக்கு இப்படி வருத்தம், தனியே கண்டால் பேசிக்கொண்டே நிறுத்தி வையுங்கள், எங்களுக்கு அழையுங்கள் என்று சொன்னார். சந்தியில் நிற்கும் ஆட்டோக்காரர்களுக்கும் கடைக்காரருக்கும் வாப்பா சொன்னார். கிராம உத்தியோகத்தரிடமும் பதிந்தோம், இடம்பெயர்வு வந்தால் யார் வீட்டில் நடக்க முடியாதவர், தனியே விட முடியாதவர் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதினொரு வீட்டில் நான்கு வீட்டில், எங்கள் மாமிக்கும் அப்படித்தான், எங்கள் வாப்பாவுக்கும் அப்படித்தான் என்று மெதுவாகச் சொன்னார்களாம். எல்லோரும் ஒரே வேலியைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம். (ராத்தாவின் கலியாணம் சென்ற ஆண்டு நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் அறிந்தேதான் வந்தார்கள்.)

அடுத்தது அடையாளம். உம்மம்மாவின் உடுப்புகளின் உட்புறத்தில் துணித்துண்டு தைத்து, பெயரும் இரண்டு தொலைபேசி இலக்கங்களும் எழுதினோம். கையில் வளையல் மாதிரிப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் உம்மம்மா கழற்றி எறிந்துவிட்டார். உங்கள் வீட்டில் சரிவரலாம். அந்தத் துணியில் அவருடைய வாப்பாவின் பெயரையும் எழுதியிருக்கிறோம். நோயாளி தன்னை எந்தப் பெயரால் சொல்வாரோ அந்தப் பெயர் தேடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். எங்கே போவார் என்பதையும் முன்பே யோசித்து வையுங்கள். பழைய வீடு, பழைய பள்ளிக்கூடம், வேலை செய்த இடம். கால்கள் பெரும்பாலும் பழைய வழியைத்தான் தேடும். மழைக்காலம் தொடங்கும்போது அவருடைய புதிய படம் ஒன்றையும் எடுத்து வைக்க வேண்டும். நாங்கள் தேடிய இரவில் எங்களிடம் இருந்தது கலியாண வீடொன்றில் எடுத்த ஏழு வருடப் பழைய படம்.

கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த இரவுக்குப் பிறகு உம்மா பயந்துபோய் இரண்டு கிழமை உம்மம்மாவின் அறையை வெளியே பூட்டி வைத்தார். பிறகு வாப்பாதான் கேட்டார், இரவில் தண்ணீர் ஏறினால், இருட்டில் திறப்பைத் தேடுவோமா என்று. பூட்டிய அறை வெள்ளத்திலும் தீயிலும் மரணப் பொறி. இப்போது கதவின் மேற்பக்கம் ஒரு சிறிய மணி கட்டியிருக்கிறோம். கதவு அசைந்தால் வீடே எழும்பும். எனக்குத் தூக்கம் கெடுகிறதுதான்.

இனி வெளியேறுவதைப் பற்றி. சாதாரணக் குடும்பம் ஒன்று தண்ணீர் படியில் ஏறும்வரை பார்த்திருக்கலாம், பிறகு அரை மணியில் வெளியேறலாம். மறதிநோயாளி உள்ள வீட்டுக்கு அந்த வசதி இல்லை. உடுப்பு மாற்றவே எங்களுக்கு முக்கால் மணி வேண்டும். அதோடு பின்னேரம் ஆனால் இந்த நோயாளிகளுக்குக் குழப்பம் கூடும், அஸருக்குப் பிறகு உம்மம்மா வேறு ஆள். எனவே எங்கள் வீட்டு விதி, மற்றவர்களுக்கு முதல் நாள் நாங்கள் வெளியேறுவோம், பகலில் வெளியேறுவோம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை உம்மா காலையிலும் மாலையிலும் கேட்பார். சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்கலாம். புயல் வராமல் திரும்பிவிட்டால் ஊரார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

முகாமுக்குப் போவதை விடத் தெரிந்த வீட்டுக்குப் போவது நல்லது. பாடசாலை மண்டபத்தில் நூறு பேர், அழுகிற பிள்ளைகள், புதிய மலசலகூடம், இரவு முழுக்க வெளிச்சம், இவை நோயாளிக்குப் பெரிய துன்பம். எங்களுக்குப் பிரதான வீதியில் மேட்டில் சாச்சியின் வீடு இருக்கிறது. ஆனால் ஆபத்து நாளில் முதல் தடவையாக அங்கே கொண்டுபோனால் அதுவும் அந்நிய வீடுதான். அதனால் சென்ற வருடம் முழுவதும் மாதம் ஒரு முறை உம்மம்மாவை அங்கே கூட்டிப்போய், ஒரே அறையில், ஒரே கட்டிலில் பகல் தூங்க வைத்தோம். இதைத்தான் ஒத்திகை என்பார்கள் போலும். நாங்கள் அதை விருந்து என்று சொல்லிக்கொண்டோம். முகாமைத் தவிர வேறு வழி இல்லையென்றால், சுவரோரமாக, வாசலுக்குத் தூரமாக ஒரு மூலையைக் கேட்டு எடுங்கள். பொறுப்பானவரிடம் காரணத்தையும் சொல்லுங்கள். வாசல் பக்கம் படுப்பவர் உங்கள் வீட்டு ஆளாக இருக்கட்டும்.

தூக்கிச் செல்ல வேண்டி வந்தால்? கடற்கரையில் அந்தப் பொடியன்மார் உம்மம்மாவைத் தூக்க முயன்றபோது அவர் அடித்திருக்கிறார், கடித்திருக்கிறார். முன்பின் தெரியாத ஆண்கள் கையைப் பிடித்தால் வேறென்ன செய்வார்? நோய் அவருடைய நினைவைத்தான் எடுத்தது, நாணத்தை எடுக்கவில்லை. அந்த வயதான மீனவர்தான் அவர்களை விலக்கி, விழுந்துகிடந்த முக்காட்டை எடுத்துக் கொடுத்து, "போட்டுக்கொள்ளுங்க உம்மா, பள்ளிக்குப் போவோம்" என்றிருக்கிறார். முக்காட்டைப் போட்டதும் அமைதியாக நடந்திருக்கிறார். இதைக் கேட்டதிலிருந்து எங்கள் பையில் மேலாக இருப்பது முக்காடுதான்.

அந்தப் பையில் இருப்பவை பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்ப்பவைதான். கிளினிக் கொப்பி, அடையாள அட்டையின் பிரதி, மூக்குக்கண்ணாடி, பொய்ப்பல் டப்பா, பம்பர்ஸ், இரண்டு சோடி உடுப்பு, டோர்ச், ஜீவனிப் பைகள், நனைத்து ஊட்டக்கூடிய மாரி பிஸ்கட். எல்லாம் பொலித்தீனில் சுற்றியிருக்கும். மாத்திரை விடயத்தில் ஒரு குறிப்பு. வெள்ளத்தில் கிளினிக் நாள் தவறிப்போகும். ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டு இரண்டு கிழமைக்கு மேலதிகமாக வாங்கி வைக்க வேண்டும். சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் நிலைமை மோசமாகும். அதே போல, சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று தூக்க மாத்திரையை நாமாகக் கூட்டிக் கொடுக்கவே கூடாது. மயக்கத்தில் எழுந்து விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

பையில் எதிர்பாராதவையும் உண்டு. உம்மம்மாவின் பழைய தலையணை உறை, கழுவாமல். அவருடைய தஸ்பீஹ். பாக்கு வெட்டி ஒன்று இருந்தது, அதை உம்மா எடுத்துவிட்டார். பழகிய வாசனையும் கைக்குப் பழகிய பொருளும் சொற்களை விட வேகமாக அமைதி தரும். குப்பி விளக்கை விட மின்கல விளக்கு நல்லது. ஆடுகிற சுடரின் நிழல்களை அவர் மனிதர்கள் என்று நினைத்துப் பேசுவார், சுடரைத் தட்டியும் விடலாம்.

எல்லாவற்றையும் விடக் கடினமானது, பேச்சு. "என்ட புள்ள எங்க?" என்று கேட்பவருக்கு என்ன சொல்வது? நான் முதலில் உண்மையைச் சொல்வேன். உம்மம்மா, மாமாவுக்கு 47 வயது, கட்டாரில் இருக்கிறார். அவர் என்னைப் பொய்க்காரியைப் பார்ப்பது போலப் பார்ப்பார். ஒரு தடவை மாமாவையே தொலைபேசியில் பேச வைத்தோம். ஆம்பிளைக் குரலைக் கேட்டு இன்னும் பயந்துவிட்டார். ராத்தா, புள்ள அடுத்த அறையில தூங்குது என்று சொல்லிப் பார்த்தார். அது கொஞ்ச நேரம் உதவியது, பிறகு அடுத்த அறையைத் திறக்கச் சொன்னார். பொய் சொல்லலாமா என்று எனக்கும் ராத்தாவுக்கும் பெரிய வாக்குவாதம். உம்மாதான் இடையில் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் பதில் சொல்வதில்லை, கேட்கிறார். "புள்ள எப்படி இருப்பான் உம்மா? முடி சுருளா? நடக்கத் தொடங்கிட்டானா?" உம்மம்மா சொல்லத் தொடங்குவார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கும். பிள்ளை தொலைந்த இரவிலிருந்து பிள்ளை இருந்த பகலுக்கு வந்துவிடுவார். நடந்ததை அவர் மறந்துவிடலாம், ஆனால் அதனால் வந்த பயம் உடம்பில் நெடுநேரம் நிற்கும் என்று கிளினிக் தாதி ஒருவர் விளங்கப்படுத்தினார். அதனால் திருத்துவதற்கு அல்ல, பயத்தைக் குறைப்பதற்குத்தான் நாங்கள் இப்போது பேசுகிறோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைக் கடந்தபோது இவற்றையெல்லாம் பரீட்சித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. மலையகத்தில் மண்சரிவுகள் அத்தனை உயிர்களை எடுத்த அந்த நாட்களில் எங்கள் கஷ்டம் சொல்லத்தக்கதே அல்ல. முதல் நாள் பகலிலேயே சாச்சி வீட்டுக்குப் போய்விட்டோம். உம்மம்மா நேராகத் தன் கட்டிலில் போய் இருந்தார், விருந்துக்கு என்ன கறி என்று கேட்டார். மின்சாரம் போனது. தொலைபேசி விட்டுவிட்டுத்தான் வேலை செய்தது. இலக்கங்களைக் கடதாசியில் எழுதி வைத்திருந்தது அப்போதுதான் உதவியது.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் இரவு உம்மம்மா யாரையும் அடையாளம் காணவில்லை, பேச்சும் குழறியது. பயத்தில் நோய் முற்றிவிட்டது என்று நினைத்தோம். உண்மையில் அவர் அன்று முழுவதும் ஒரு கோப்பை பிளேன்டீதான் குடித்திருந்தார். குழப்பத்தில் நாங்கள் கவனிக்கவில்லை. இந்த நோயாளிகளுக்குத் தாகம் எடுத்தாலும் கேட்கத் தெரியாது. மறதிநோய் மாதக்கணக்கில்தான் கூடும். சில மணித்தியாலத்தில் ஒருவர் தலைகீழாக மாறினால் அது வேறொன்று, நீர் குறைவு, சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், மலச்சிக்கல் என்று ஏதோ ஒன்று. அது வைத்தியசாலைக்குப் போக வேண்டிய விடயம், 1990க்கு அழைத்தால் அம்பியூலன்ஸ் வரும். எங்களுக்கு வீதி திறந்திருந்ததால் ஆட்டோவில் கொண்டுபோனோம். சேலைன் ஏற்றி, மறுநாள் பின்னேரம் பழைய ஆளாகி, சாச்சியின் கறியில் உப்பு இல்லை என்றார். இப்போது மணிக்கு ஒரு தடவை சில மிடறு என்று கொப்பியில் கோடு போடுகிறோம்.

உம்மாவைப் பற்றியும் இரண்டு வரி எழுதாவிட்டால் சரியில்லை. அந்த மூன்று நாளில் உம்மா மொத்தம் ஏழெட்டு மணித்தியாலம்தான் தூங்கியிருப்பார். நான்காம் நாள் கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தார். பராமரிப்பவர் விழுந்தால் நோயாளிக்கு வேறு ஆள் இல்லை. அதற்குப் பிறகு வாப்பா, ராத்தா, மச்சான், நான் என்று முறை போட்டுக் கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். வாப்பாவின் முறை சுபஹுக்கு முன். ஆண்களால் இதெல்லாம் முடியாது என்று சாச்சி சிரித்தார். உம்மம்மாவுக்கு வாப்பாவைத் தன் தம்பி என்று நினைப்பு. இருவரும் விடியும்வரை வயல் கதை பேசுவார்கள்.

வீடு திரும்பியதும் சேற்றைக் கழுவி, பொருட்களைப் பழைய இடத்திலேயே வைத்தோம். அலுமாரி நனைந்து போனதால் வேறொன்று வாங்கலாம் என்றார் வாப்பா. உம்மா விடவில்லை. கட்டிலிலிருந்து மலசலகூடத்துக்குப் போகும் வழியில் அந்த அலுமாரியைப் பிடித்துத்தான் உம்மம்மா திரும்புவார். கால் ஊதிப்போன அதே அலுமாரி இன்னும் அங்கேயே நிற்கிறது.

பை இப்போது கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அதில் ஒரு சிக்கல். உம்மம்மா இரண்டு நாளைக்கு ஒரு தடவை அதைக் கண்டுவிடுவார். ஆர் பயணம், ஹஜ்ஜுக்கா என்று கேட்பார். பிறகு கட்டிலில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மடித்து, அடுக்கி, பாதியைத் தலையணைக்குக் கீழே ஒளித்துவிடுவார். இரவில் நான் அவற்றைத் தேடி எடுத்து மீண்டும் கட்டுகிறேன். முக்காடு மேலே வரவேண்டும்.